படகு ஏறாததற்கு ஆழம் காரணமா? லேனியர் ஏரி ராம்பில் ஒரு மாலை

ஜார்ஜியா மாநிலத்தின் லேனியர் ஏரியில், அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றின் மாலையில், 22 அடி வகைப் பாய்ப்படகு ஒன்றை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ட்ரெய்லரின் இரண்டு சக்கரங்களும் ராம்பின், அதாவது படகை நீரில் இறக்கும் சாய்தளத்தின், கான்கிரீட் முடிகிற இடத்தைத் தாண்டி விழுந்தன. அச்சு கான்கிரீட் விளிம்பில் மாட்டிக்கொண்டது. யாருக்கும் அடிபடவில்லை. ட்ரெய்லரை வெளியே எடுத்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. படகு என் அக்கா வீட்டுக்காரருடையது. நான் அன்று கயிறு பிடிக்கிற ஆள்.

காலையில் அதே ராம்பு, அதே ட்ரெய்லர், அதே நீர்மட்டம். அப்போது படகு அலுங்காமல் இறங்கியது. மாலையில் மட்டும் சக்கரம் ஏன் விளிம்பைத் தாண்டியது? சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்றார் ஒருவர், ஏரி வற்றிப்போச்சு என்றார் இன்னொருவர். இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. முதலாவது அநியாயம், அத்தான் ட்ரெய்லரை நூல் பிடித்தமாதிரி நேராகத்தான் இறக்கினார்.

படகும் ஏரியும்

படகு கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லரின் நிறுவனம் 1969-ல் செய்ய ஆரம்பித்த மாடல். இதுவரை 15,000-க்கும் மேல் விற்றிருக்கிறது. உடல் நீளம் 21 அடி 6 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம். அத்தானுடையது கீலை, அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகட்டை, தூக்கி இறக்கும் வகை. 550 பவுண்டு எடையுள்ள வார்ப்பிரும்புக் கீல், ஓர் ஆணியில் தொங்குகிறது. கேபினுக்குள் இறங்கும் படிக்குக் கீழே ஒரு வின்ச் இருக்கும். அதைச் சுற்றினால் கம்பிவடம் கீலை மேலே இழுக்கும். கீல் இறங்கியிருந்தால் படகுக்கு ஐந்தடி ஆழம் வேண்டும், முழுக்க ஏறியிருந்தால் இரண்டடி போதும். ட்ரெய்லரில் வைத்து இழுக்க முடிவதே இந்த ஏற்பாட்டால்தான். படகும் ட்ரெய்லரும் சேர்ந்து சுமார் 3,500 பவுண்டு. ஏழு பேர் உட்காரும் சாதாரண எஸ்யூவி இழுத்துவிடும்.

சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1950-களில் கட்டிய பியூஃபர்ட் அணையால் உண்டானது லேனியர். அட்லாண்டாவின் வடக்கே ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு வார இறுதி என்றால் பிக்னிக், பார்பிக்யூ எல்லாம் இதன் கரையில்தான். பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் நம்மாட்களில் குறைவு. அணையை நிர்வகிப்பது ராணுவப் பொறியியல் படை. ஏரி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,071 அடி. மழை பொய்த்தால் மளமளவென்று இறங்கும். 2007 டிசம்பரில் 1,051 அடிக்கும் கீழே போனது. நான் சொல்லும் நாளில் அவ்வளவு மோசமில்லை. 1,066.5, அதாவது நிறைமட்டத்துக்கு நாலரை அடி கீழே.

காலை

காலை வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாய்ப்படகுக்காரர்கள் ராம்பில் வாங்கிக் கட்டிக்கொள்வது பெரும்பாலும் சரிவிலேயே நின்று பாய்மரத்தை நிமிர்த்துவதால்தான். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும். அத்தான் அந்தத் தப்பைச் செய்வதில்லை. பார்க்கிங்கில் ஓரமாக ஓர் இடம் பிடித்து, முதல் வேலையாக அண்ணாந்து பார்ப்பார். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் அதோடு கதை முடிந்தது. இப்படிப் பல சாவுகள் நடந்த பிறகுதான் ஹோபி கேட் நிறுவனம் 1980-களில் தன் படகுகளுக்குப் பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபரில் செய்ய ஆரம்பித்தது. கேட்டலினாவில் அந்த வசதி கிடையாது, முழுக்க அலுமினியம். நிமிர்த்திய பிறகு ராம்பு வரை ஓட்டிப்போகும் பாதையும் மேலே வெறிச்சென்று இருக்க வேண்டும்.

மரத்தைத் தூக்கும்போது என் வேலை ஒன்றே ஒன்று. மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பிகள் படகின் தளத்தில் சேரும் இடத்தில் உள்ள திருகுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மரம் மேலே ஏற ஏற அந்தத் திருகுகளும் கூடவே எழுந்து நிற்க வேண்டும். ஒன்று படுத்தவாக்கில் மாட்டிக்கொண்டால், மரத்தின் எடை முழுவதும் சுண்டுவிரல் கனத் திருகை வளைத்துவிடும். அன்று இடதுபக்கம் ஒன்று மாட்டியது. "நிறுத்துங்க அத்தான்" என்றேன், நிறுத்தினார், தட்டி நிமிர்த்தினேன், முடிந்தது.

பிறகு பின்பக்க ஸ்ட்ராப்புகளை அவிழ்த்து, விளக்கு ஒயரைப் பிடுங்கி, முன்னும் பின்னும் கயிறு கட்டி, காருக்கும் ட்ரெய்லருக்கும் இடையே தூரத்தைக் கூட்டும் நீட்டுத்தண்டை இழுத்துப் பூட்டினோம். ட்ரெய்லரின் முன்பக்க வின்ச் ஸ்ட்ராப்பை மட்டும் தண்ணீரைத் தொடும்வரை கழற்றவில்லை. வழுக்கிப்போய்ப் படகைக் கான்கிரீட்டில் இறக்கியவர்கள் எல்லா ஏரியிலும் உண்டு.

நீட்டுத்தண்டு எதற்கு

விஷயத்தின் மையம் இந்தக் கணக்கில் இருப்பதால் கொஞ்சம் நிற்கிறேன்.

மோட்டார் படகின் அடி தட்டை. ட்ரெய்லரில் தாழ உட்காரும், கொஞ்சம் தண்ணீரிலேயே மிதந்துவிடும். பாய்ப்படகு கீலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ட்ரெய்லரில் கீல் தங்கும் பலகை தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே. அதோடு படகு மிதக்க வேண்டிய இரண்டடியைக் கூட்டினால், அச்சு இருக்கும் இடத்தில் மூணேகால் அடித் தண்ணீர் வேண்டும்.

ராம்புகளை 100 அடிக்கு 12 முதல் 15 அடி இறங்கும் சரிவில் கட்டுவது அமெரிக்காவில் வழக்கம். இந்த ராம்பு சுமார் 13. மூணேகால் அடி ஆழம் வேண்டுமென்றால் கரையிலிருந்து 25 அடி உள்ளே அச்சு போக வேண்டும். எங்கள் அச்சிலிருந்து காரின் பின்சக்கரம் 20 அடி. ஆக, காரின் பின்சக்கரம் கரையிலிருந்து ஐந்தடி உள்ளே, பாசி படிந்த கான்கிரீட்டில் நிற்கும். எட்டடி நீட்டுத்தண்டு போட்டால் கார் உலர்ந்த இடத்திலேயே நின்றுகொள்ளும். சிலர் தண்டு இல்லாமல், ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி நீள ஸ்ட்ராப்பில் விட்டு இறக்குவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஸ்ட்ராப் இழுக்கும், தள்ளாது, ட்ரெய்லர் கோணலாகப் போனால் கையால்தான் திருப்ப வேண்டும்.

தண்டினால் ஒரு சங்கடமும் உண்டு. கார் சௌகரியமாகக் கரையில் நிற்பதால், சக்கரம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்கு உறைக்காது. பின்சக்கரம் நனைந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நனையாதவரை இன்னும் கொஞ்சம் போகலாம் என்றுதான் தோன்றும்.

இப்போது ஏரிமட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். இந்த ராம்பின் கான்கிரீட் 1,063 அடி மட்டத்தில் முடிகிறது. ஏரி நிறைந்திருந்தால் கான்கிரீட் முடிகிற இடத்தில் எட்டடித் தண்ணீர் நிற்கும். கரையிலிருந்து 60 அடிக்கு மேல் தாராளமாக இறக்கலாம். நாலரை அடி இறங்கிய அன்று விளிம்பில் மூன்றரை அடிதான். தண்ணீருக்குள் மிச்சமிருந்த கான்கிரீட் 27 அடி. காலையில் அச்சு நின்றது 25 அடியில். விளிம்புக்கு இரண்டே அடிதான் பாக்கி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. படகு மிதந்துவிட்டது, எல்லோரும் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டோம்.

மாலை

திரும்பி வரும்போது வடமேற்குக் காற்று கிளம்பியிருந்தது. அக்கா சுக்கான் பிடித்துச் சின்ன மோட்டாரில் படகை டாக்குக்கு, அதாவது படகு கட்டும் மேடைக்கு, கொண்டுவந்தார். வழக்கமாகக் கீல் வின்ச்சைச் சுற்றுவது அக்காதான். அன்று காற்றுக்காகச் சுக்கானை விட முடியாததால் என் மருமகன், அவர்கள் பையன், உள்ளே போய்ச் சுற்றினான். கைப்பிடி கனத்து நின்றது. "ஏறிடுச்சும்மா" என்று மேலே வந்துவிட்டான்.

அத்தான் காரை இறக்கிக் காலையில் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார். நான் டாக்கில் நின்று முன்கயிற்றை இழுத்தேன். படகு ட்ரெய்லருக்குள் அழகாக நுழைந்தது. மூக்கு போய் முட்ட வேண்டிய வி வடிவ ரப்பர் கட்டைக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டது. வின்ச் ஸ்ட்ராப்பை மாட்டிச் சுற்றினோம். ஸ்ட்ராப் விறைத்தது, படகு நகரவில்லை.

"என்னங்க, அடியில என்னமோ இடிக்குது" என்றார் அக்கா படகிலிருந்து.

"தண்ணி பத்தல. மாப்ளே, இன்னும் ஒரு ரெண்டடி பின்னால விடுறேன், பாத்துக்க."

விட்டார். படகு ஓர் அடி முன்னேறி மறுபடி நின்றது. காற்று பின்பாகத்தை டாக்கைவிட்டு ஒதுக்கித் தள்ளியது. இன்னும் ஓரடி விட்டார். அப்போது நீருக்குள்ளிருந்து ஒரு சத்தம், கடப்பாறை கல்லில் பட்டமாதிரி. ட்ரெய்லரின் பின்பகுதி அமிழ்ந்து, நீட்டுத்தண்டு தண்ணீரிலிருந்து துள்ளி மேலே எழுந்தது. காரின் பின்பக்கமும் சற்றுத் தூக்கிக்கொண்டது. அக்கா கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மீட்டது

அத்தான் முதலில் செய்தது முன்னால் இழுத்துப் பார்ப்பது. ஒரே ஒரு முறை, மெதுவாக. அச்சு விளிம்பில் உரசும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டார். அது நல்ல முடிவு. பெரிய பிக்கப் வைத்திருந்த ஒருவர் சங்கிலி போட்டு இழுத்துத் தருகிறேன் என்று வந்தார். அச்சைச் ஸ்ப்ரிங்கோடு பிடித்திருப்பது நான்கு யு வடிவ போல்ட்டுகள். 3,500 பவுண்டைக் கான்கிரீட் உதட்டுக்கு எதிராக இழுத்தால் முதலில் போவது அவைதான். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினோம்.

வழி காட்டியவர் பாஸ் மீன் பிடிக்க வந்திருந்த உள்ளூர்ப் பெரியவர். படகை முதலில் வெளியே எடுங்கள், வெறும் ட்ரெய்லருக்கு ஆயிரம் பவுண்டுகூட இருக்காது என்றார். ஸ்ட்ராப்பைத் தளர்த்திப் படகைப் பின்னால் மிதக்கவிட்டு டாக்கில் கட்டினோம். அவர் வண்டியில் கனமான இரண்டு பலகைகள் இருந்தன. அவரும் நானும் மருமகனும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினோம். காலால் தடவியபோது கான்கிரீட் சட்டென்று முடிந்தது. அடுத்த அடி வைத்தால் மார்புவரை போகிறது. அதற்கும் அப்பால் சரளைக்கல் மேடு. விளிம்பை ஒட்டி யாரோ தோண்டி வைத்தமாதிரி ஒரு குழி.

யாரும் தோண்டியதில்லை. மோட்டார் படகுக்காரர்கள் வின்ச் சுற்றச் சோம்பல்பட்டு, இன்ஜினை முறுக்கிப் படகை ட்ரெய்லரின் மேல் ஓட்டியே ஏற்றுவார்கள். அந்த வேகத்தில் புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் தண்ணீர் கான்கிரீட்டுக்கு அப்பாலுள்ள சரளையை வாரிக் குழி பறித்து, சற்றுத் தள்ளி மேடாகக் கொட்டும். பல ஊர் ராம்புகளில் இப்படி ஏற்றக் கூடாது என்று அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். ஏரி நிறைந்திருக்கும்போது குழி யாருக்கும் எட்டாத ஆழத்தில் கிடக்கும். மட்டம் இறங்கும்போது நம் சக்கரத்தடிக்கு வந்துவிடும்.

பலகையைச் சாய்வாகக் குழிக்குள் விட்டு, அதன் மேல்முனையை விளிம்பில் ஏற்றி வைத்தோம். இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் ஏற்ற முயன்றால் ஏறாது. அத்தான் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கோணலாக இழுக்க, நாங்கள் இடதுபக்கச் சட்டத்தைத் தூக்கிக் கொடுக்க, இடது சக்கரம் முதலில் ஏறியது. தூக்கிய கையோடு மூவரும் டாக் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும் என்பது பெரியவரின் கண்டிப்பு. ட்ரெய்லருக்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது. வலதுபக்கம் மட்டும் பலகை இரண்டு தடவை நழுவியது.

எது உண்மைக் காரணம்

ட்ரெய்லர் மேலே வந்த பிறகுதான் அக்கா டார்ச்சோடு கேபினுக்குள் போனார். வின்ச் உருளையில் கம்பிவடம் வரிசையாகச் சுற்றாமல், ஒரு சுற்று அடுத்ததன் மேல் ஏறி நடுவில் நசுங்கியிருந்தது. கைப்பிடி கனத்ததற்குக் காரணம் அந்த இறுக்கம். அக்கா வடத்தைச் சற்றுத் தளர்த்தி, விரலால் ஒழுங்கு பார்த்துவிட்டு மறுபடி சுற்றினார். மேலும் சில சுற்று போய்த் 'டக்'கென்று நின்றது. அதுவரை கீலின் நுனி படகின் அடியிலிருந்து ஒரு கை அளவு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது ட்ரெய்லரின் குறுக்குச் சட்டத்தில் முட்டித்தான் படகு நின்றது. அக்கா கேட்ட இடி அதுதான்.

பிறகு அத்தான் காரை இறக்கிக் காலையில் நின்ற அதே 25 அடியில் நிறுத்தினார். முன்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். படகு நேராகப் போய் மூக்குக் கட்டையில் முட்டி நின்றது. தண்ணீர் முதலிலிருந்தே போதுமான அளவுதான் இருந்திருக்கிறது.

ஆகவே ஏரி வற்றியதையும் குழியையும் நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். அவை விபத்துக்கு இடம் கொடுத்தன. விளிம்புக்குத் தள்ளியது, "தண்ணி பத்தல" என்ற விடை எல்லோர் வாயிலும் தயாராக இருந்ததுதான். பாய்ப்படகு ட்ரெய்லரில் ஏறாவிட்டால் இன்னும் இறக்கு என்பதுதான் ராம்பில் யாரும் சொல்லும் முதல் யோசனை. அது சரியாக இருக்கும் சமயங்களும் உண்டு என்பதால்தான் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் ஆழம் குறைந்து தட்டுகிற படகும், எதிலோ முட்டி நிற்கிற படகும் ஒரேமாதிரி நிற்பதில்லை. ஆழம் போதாவிட்டால் படகு ட்ரெய்லர் பலகைகளின் மேல் உராய்ந்து, சறுக்கி, மெல்ல மெல்ல நிற்கும். வின்ச் போட்டால் அங்குலம் அங்குலமாக ஏறும். முட்டினால் ஒரே இடத்தில் சடாரென்று நிற்கும், வின்ச் விறைக்கும். உள்ளே இருப்பவருக்குச் சத்தம் கேட்கும். எங்கள் படகில் அது கேட்டது, சொல்லப்பட்டது. கரையில் கார் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் காதில் ஏறவில்லை.

குழியே இல்லாத ராம்பாக இருந்தாலும் தேவைக்கு மேல் ஆழமாக இறக்குவது நல்லதில்லை. ட்ரெய்லர் சரிவில் சாய்ந்திருக்கும், படகு தண்ணீரில் மட்டமாக மிதக்கும். ரொம்ப ஆழத்தில் படகு பலகைகளைத் தொடாமல் காற்று தள்ளுகிற பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். மூக்கு கட்டையில் முட்டியிருப்பதாகத் தோன்றும். மேலே இழுக்கும்போது படகு சரிந்து உட்கார, மூக்குக்கும் கட்டைக்கும் நடுவில் அரையடி இடைவெளி விழும். எடை பின்னால் போய்விட்டால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். மொத்த எடையில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் முன்கொக்கியில் இறங்க வேண்டும் என்பார்கள், அது கெடுகிறது.

சேதமும் மாற்றமும்

இடதுபக்க யு போல்ட் அரை அங்குலம் நகர்ந்திருந்தது. பார்க்கிங்கிலேயே நேராக்கி இறுக்கி, உள்ளூர்ச் சாலை வழியாக மெதுவாக வீடு சேர்ந்தோம். மறுநாள் சக்கர மூடியைக் கழற்றியபோது கிரீஸ் பழுப்பாக இல்லை, பாலில் குழைத்தமாதிரி வெளுத்திருந்தது. சக்கரம் நெடுநேரம் நீருக்குள் கிடந்ததில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சாதாரண நாளிலும் இது நடக்கும். ஓடிச் சூடான சக்கரத்தை உடனே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். மரத்தை நிமிர்த்துகிற நேரம் சக்கரம் ஆறவும் உதவும் என்பது பாய்ப்படகுக்காரர்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை. இரண்டு பக்கமும் பேரிங் மாற்றினார் அத்தான்.

கீல் வடத்தில், முழுக்க ஏறியதும் உருளையின் வாயில் வந்து நிற்கும் இடத்தில், அக்கா சிவப்பு நூலை இறுகச் சுற்றிப் பசை தடவிவிட்டார். கைப்பிடி கனத்தது இனிச் சாட்சி இல்லை, நூல் வர வேண்டும். ட்ரெய்லரின் முன்கம்பத்தில் ஒரு பெயிண்ட் கோடு: அதைத் தண்ணீர் தொட்டால் அச்சில் மூணேகால் அடி என்று அர்த்தம், காரை அதற்கு மேல் விடக் கூடாது. பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளை பிவிசி குழாய் நட்டோம், காற்றில் படகு ஒதுங்காமல் இருக்க. கிளம்புவதற்கு முந்தின இரவு ஏரிமட்டத்தைப் பார்க்கிறோம். அணை நிர்வாகம் அதைத் தினமும் வெளியிடுகிறது. ராம்பு புதிதாக இருந்தால் டாக்கிலிருந்து கொக்கிக் கழியால் குத்திக் கான்கிரீட் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்கிறோம். பக்கத்தில் நிற்பவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. படகிலிருக்கும் ஆள் 'நிறுத்து' என்றால் கார் நிற்க வேண்டும், காரணம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிறார் அக்கா. கரையில் நிற்கும் ஒருவர் மட்டும்தான் சைகை காட்ட வேண்டும், ரெண்டு குரல் வந்தால் குழப்பம் என்கிறார் அத்தான். நான் அக்கா கட்சி. அந்த ராம்புக்கு இப்போதும் போகிறோம், ஏரி 1,068-க்கு மேல் இருந்தால்.